ரிப்பேரில் இருந்த துப்பாக்கி

எங்கள் வீட்டுத் துப்பாக்கி பன்னிரண்டு வருஷம் மடிக்கேரியில் ரிப்பேரில் இருந்தது. யார் கேட்டாலும் நான் அப்படித்தான் சொன்னேன். யாரும் நம்பவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போதே, "என்ன டீச்சர், பார்ட்ஸ் லண்டன்லேர்ந்து வரணுமா?" என்பான். பஸ்ஸே சிரிக்கும். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்பேன்.

குடகில் துப்பாக்கி இல்லாத வீடு என்றால் அடுப்பு இல்லாத வீடு என்பதைப் போலத்தான். பிள்ளை பிறந்தால் ஒரு வெடி, சாவு விழுந்தால் இரண்டு வெடி. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் கிளம்பி வருவார்கள். எங்கள் அப்பா இறந்தபோது அந்த இரண்டு வெடியையும் போட்டவன் என் தம்பி பெள்ளியப்பா. அப்போது அவனுக்கு இருபத்தொன்று. கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

என் பெயர் சோண்டம்மா. அரசுப் பள்ளியில் விளையாட்டு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களை மைதானத்தை நாலு சுற்று ஓடச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை என்பதுதான் வருத்தம். வீட்டில் நாங்கள் மூன்று பேர். அவ்வா போஜம்மா, தம்பி, நான். அம்மாவை நாங்கள் அவ்வா என்றுதான் கூப்பிடுவோம்.

தம்பிக்கு இருபத்துமூன்று வயதில் அது வந்தது. மைசூரில் ஒரு கம்பெனியில் வேலையாக இருந்தவன், ஒருநாள் செருப்பில்லாமல் வீடு வந்து சேர்ந்தான். தன் மனசில் நினைப்பதையெல்லாம் ரோட்டில் போகிற ஜீப்காரர்கள் ரேடியோவில் படிக்கிறார்கள் என்றான். மிளகுக்கொடிக்குப் பின்னால் நின்று யாரோ பேசுகிறார்கள் என்றான். குளிக்கவில்லை, தூங்கவில்லை. கண்ணாடிகள் மேலெல்லாம் துணி போட்டு மூடினான். முதல் வருஷம் நாங்கள் செய்யாத முட்டாள்தனம் இல்லை. கயிறு கட்டினோம், சேவல் நேர்ந்துவிட்டோம். ஒரு கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று பெண் பார்க்கக் கிளம்பியவர்களும் உண்டு. நான் என்ன செய்தேன் தெரியுமா? சோம்பேறித்தனம் என்று நினைத்து, காலை ஆறு மணிக்கு விசில் ஊதி எழுப்பி அவனை ஓடவிட்டேன். காதுக்குள் பத்துப் பேர் கத்திக்கொண்டிருந்தவனை விசில் ஊதி ஓட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கடைசியில் மைசூரில் ஒரு டாக்டர் அதற்குப் பெயர் சொன்னார். மனச்சிதைவு நோய். தினமும் மாத்திரை, நேரத்துக்குத் தூக்கம், வீட்டில் சத்தம் கூடாது என்று மூன்று விஷயம் சொன்னார். முதல் இரண்டையும் செய்தோம். மூன்றாவதுதான் என்னால் முடியவில்லை. என் தொண்டை அப்படி.

அவ்வாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. நீல மூடி போட்ட ஒரு வட்ட பிஸ்கட் டப்பாவுக்குள் அட்டை வெட்டி மூன்று அறை செய்தாள். காலை மாத்திரை அறையில் ஒரு காப்பிக்கொட்டையை ஒட்டினாள், மத்தியானத்துக்கு மிளகு, ராத்திரிக்கு நெல். அவன் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டும்வரை நகரமாட்டாள். நடுவில் இரண்டு தடவை நாக்குக்கடியில் ஒளித்துவைத்து எங்களை ஏமாற்றினான். இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில்தான் போய் முடிந்தது. அதற்குப் பிறகு அவ்வா டார்ச் அடித்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

குரல்கள் முழுசாகப் போய்விடவில்லை, தூரமாகப் போயின. ஒருநாள் சாப்பிடும்போது தம்பி தட்டைப் பார்த்தபடி, "அவ்வா, கறியில உப்பு ஜாஸ்தின்னு சொல்றாங்க" என்றான்.

"நீ சொல்றியா, அவங்க சொல்றாங்களா?"

"அவங்கதான்."

"அப்போ நாளைக்கு அவங்களையே வந்து சமைக்கச் சொல்லு."

அவன் சிரித்தான். நாலு வருஷத்துக்குப் பிறகு அவன் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய் நன்றாக அழுதுவிட்டு வந்து இன்னும் கொஞ்சம் கறி போட்டுக்கொண்டேன். உப்பு ஜாஸ்தியாகத்தான் இருந்தது.

துப்பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாசத்து மழை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் கூடத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்து வாலிபால் வலையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி உள்ளேயிருந்து துப்பாக்கியோடு வந்தான். நான் வலையைப் போட்டுவிட்டு எழப் போனேன். ஆனால் அவன் அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். அப்பா சொல்லிக்கொடுத்தபடி, குழலை மடக்கித் திறந்து, வாய் தரையைப் பார்க்க. தோட்டா இரண்டையும் முதலில் என் உள்ளங்கையில் வைத்தான். பிறகு துப்பாக்கியை என் மடியில் குறுக்கே வைத்தான்.

"அக்கா, இதை வீட்டை விட்டு எடுத்துட்டுப் போ. எங்க வைக்கிறேன்னு எனக்குச் சொல்லாத. காலையிலேர்ந்து என் கழுத்துலயே வைக்கச் சொல்றாங்க."

சொல்லிவிட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. யாரிடமும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினான். அவ்வாவை அவன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, மழைக்கோட்டில் துப்பாக்கியைச் சுற்றிக்கொண்டு மடிக்கேரிக்குப் பஸ் ஏறினேன். லைசென்ஸ் உள்ள ஒரு கடையில் பாதுகாப்புக்கு வைத்துக் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வரும்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டதற்கு வாயில் வந்தது 'ரிப்பேர்'. அன்றைக்குச் சொன்ன பொய், பிறகு அதைப் பிடித்துக்கொண்டே தொங்கினேன்.

ஊர் சும்மா இருக்குமா? பெள்ளியப்பா பெற்ற தாயையே குறி வைத்தான், அதனால்தான் அக்கா பிடுங்கிக் கொண்டுபோய் எங்கேயோ ஒளித்துவிட்டாள் என்று கதை கட்டினார்கள். என் காதுபடவே சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் அந்தக் கதை செத்துப்போகும். ஆனால் சத்தியம் செய்திருந்தேனே. அதோடு, உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் ஆகஸ்ட் மாசம் மொண்ணப்பா அண்ணன் வீட்டுக்கு வந்தார். பெரியப்பா மகன். கெட்ட மனுஷர் இல்லை, வாய்தான் கொஞ்சம். எங்கள் தேனேரண்டா குலத்தில் ஏழு வீடுகள். கைல்போள்து அன்றைக்கு, நாற்று நட்டு முடிந்து ஆயுதங்களுக்குப் பூஜை செய்யும் அந்த நாளில், ஏழு வீட்டுத் துப்பாக்கிகளும் எங்கள் மூல வீடான ஐன்மனைக்குப் போய்ச் சேரும். அவற்றுக்குச் சந்தனமும் பூவும் வைப்பது வருஷத்துக்கு ஒரு வீட்டு ஆண்மகன் முறை. போன தடவை எங்கள் முறை வந்தபோது தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தான், விட்டுவிட்டோம். அடுத்தடுத்து இரண்டு தடவை விட்ட வீட்டுக்கு முறை போய்விடும். அப்புறம் அந்த வீட்டார் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம், அவ்வளவுதான். இந்த வருஷம் மறுபடியும் எங்கள் முறை.

மொண்ணப்பா காப்பியை உறிஞ்சிக்கொண்டே சுற்றி வளைத்துப் பேசினார். நல்லதுக்குத்தான் சொல்கிறேன், நாலு பேர் முன்னால் அவன் ஏதாவது செய்துவிட்டால் அசிங்கம் யாருக்கு, பேசாமல் விட்டுக்கொடுத்துவிடுங்கள் என்றார். நான் எதிர்த்துப் பேசினேன். அவர் கடைசியில் கப்பைக் கீழே வைத்தார்.

"துப்பாக்கியே இல்லாத வீடு துப்பாக்கிக்குச் சந்தனம் வைக்குமா சோண்டம்மா? ஒண்ணு செய். ரிப்பேர்லேர்ந்து உங்க துப்பாக்கியைக் கொண்டாந்து வரிசையில நிறுத்து. நான் வாயைத் திறக்கலை."

நான் அவரை நாலு சுற்று ஓடவிடுவதற்குள், பின்பக்கம் கோழிகளுக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்த தம்பி கை கழுவாமலே உள்ளே வந்தான். முப்பது கோழிகள் அவன் பொறுப்பு, ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. "நான் வைக்கிறேண்ணா, சந்தனம்" என்றான். மொண்ணப்பா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலைதான். இந்த ஒரு நாள் அவன் சபையில் நின்றுவிட்டால் அவன் இந்தக் குலத்து மனுஷன். நிற்காவிட்டால் சாகும்வரை 'அந்தப் பைத்தியம்'. ஒரே ஒருநாள் மட்டும் துப்பாக்கியைக் கொண்டுவந்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினான். அது ஒருநாள்கூட என் பக்கத்தில் வேண்டாம், எனக்கு என்னைத் தெரியும் அக்கா என்றான். அப்புறம் எப்படிடா என்றால், பார்க்கலாம் என்றான்.

வெடிச்சத்தம் இன்னொரு கவலை. பூஜை முடிந்ததும் வெளியே மரத்து உச்சியில் தேங்காய் கட்டி எல்லோரும் சுடுவார்கள். ஒரு பட்டாசு வெடித்தாலே கட்டிலுக்கடியில் போய்விடுகிறவன் அவன். டாக்டரிடம் போனில் கேட்டேன். திடீரென்று வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிப் பாருங்கள், பயந்தால் நிறுத்திவிடுங்கள் என்றார். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் தொடங்க இரண்டு பலகையை அடிப்போமே, அந்த கிளாப்பரைக் கொண்டுவந்தேன். முதல் நாள் தோட்டத்துக் கோடியில் நின்று அடித்தேன். தினமும் பத்துக் காப்பிச் செடி அளவுக்குக் கிட்டே வந்தேன். ஒவ்வொரு அடிக்கும் அவன், "இது அக்கா, இது அக்கா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். கோழிகள் மூன்று நாள் முட்டை வைக்கவில்லை. அவ்வா சமையலறை ஜன்னலில் தலையை நீட்டி, "யார்டி ஜெயிச்சது?" என்று கேட்டாள். மூன்றாவது வாரம் நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று அடித்தேன். தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது. ஆனால் அசையாமல் நின்றான்.

கைல்போள்து அன்றைக்கு அப்பாவின் கறுப்புக் குப்பியத்தை எடுத்துக் கொடுத்தோம். முட்டிவரை தொங்கும் அந்தக் கோட்டு அவனுக்கு மூடவில்லை. மாத்திரை உடம்பை ஊத வைத்திருந்தது. அவ்வா இரண்டு பக்கமும் துணி கொடுத்துத் தைத்திருந்தாள். மேலே சிவப்புப் பட்டு இடுப்புத்துணி. கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொண்டான். கண்ணாடி மேல் துணி மூடிக் கிடந்த வீடு அது.

ஐன்மனை நடுக்கூடத்தில் தொங்கு விளக்கின் கீழே ஆறு துப்பாக்கிகள் வரிசையாகச் சாத்தியிருந்தன. மற்ற வருஷங்களில் எங்கள் இடம் தெரியாதபடி நெருக்கி வைத்துவிடுவார்கள். இந்த வருஷம் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி. அது மொண்ணப்பா வேலை. பக்கத்தில் ஒரு நாற்காலியில் குலத்தலைவர் சுபேதார் மாச்சய்யா உட்கார்ந்திருந்தார், எங்கள் எல்லோருக்கும் பெரியப்பா முறை. எண்பத்துநாலு வயசு. பீரங்கிப் படையில் இருந்து காது போய்விட்டது. கூடம் நிறைய ஆள்.

தம்பி சந்தனக் கிண்ணத்தை எடுக்கவில்லை. கோட்டுக்குள் கையை விட்டு நீல மூடி டப்பாவை எடுத்து, அந்த இடைவெளியில் வைத்தான். உள்ளே மாத்திரைகள் குலுங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"எங்க வீட்டுத் துப்பாக்கி வராது. நான்தான் வேணாம்னு சொன்னேன். எங்க வீட்டு ஆயுதம் இப்ப இதுதான். பதினாறு வருஷமா அவ்வா இதை வச்சுத்தான் சண்டை போடுறா."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிஸ்கட் டப்பாவுக்கெல்லாம் சந்தனம் வைத்து வழக்கம் இல்லை என்றார் மொண்ணப்பா. மாச்சய்யா பெரியப்பா கையைக் காதில் குவித்துக்கொண்டு, "என்ன சொல்றான் பையன்? அது என்ன, பிஸ்கட்டா?" என்று கேட்க, இப்போது பாதிக் கூடம் சிரித்தது. தம்பி பதில் சொன்னான், அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னான், குரல் எழும்பவில்லை. அவன் கண் பின்வாசலைத் தேடுவதைப் பார்த்தேன். போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன்.

அவன் பின்வாசலுக்குப் போகவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"சொல்லு அக்கா. அன்னிக்கு நடந்ததை முழுசாச் சொல்லு. நீ சொன்னாத்தான் அவருக்குக் கேக்கும்."

பன்னிரண்டு வருஷம் வயிற்றுக்குள் வைத்திருந்ததை நான் மைதானத்தில் கத்துகிற மாதிரி அந்தக் கிழவர் காதில் கத்தினேன்.

"பெரியப்பா, துப்பாக்கியை அவன்கிட்டேர்ந்து யாரும் பிடுங்கலை. அவன் யாரையும் குறி வைக்கலை. அவன் காதுல கேட்ட குரல் அவன் கழுத்துலயே வச்சுக்கச் சொல்லிச்சு. அவன் தோட்டாவைக் கழட்டி, துப்பாக்கியை என் மடியில கொண்டாந்து வச்சான். அவனா வந்து குடுத்தான். வீட்டுல இருக்கவே வேணாம்னு அவன்தான் சொன்னான்."

பெரியப்பா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"தோட்டாவைக் கழட்டிட்டுத்தான் குடுத்தானா?"

"ஆமா பெரியப்பா."

"குழல் தரையைப் பார்த்து?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு நீ ரிப்பேர்னு சொன்ன?"

சண்டையில் துப்பாக்கியை விடாமல் பிடித்தவர்களுக்கு எங்கள் குலத்தில் மெடல் உண்டு, சுவரில் படம் உண்டு. தன் காதுக்குள்ளேயே எதிரியை வைத்துக்கொண்டு அதைக் கீழே வைத்தவனுக்கு நான் கொடுத்தது ஒரு பொய். இதைவிடப் பெரிய தைரியத்தை நான் பார்த்ததில்லை. பார்த்தும் அதை மழைக்கோட்டில் சுற்றி ஒளித்திருக்கிறேன்.

"சந்தனம் காயுதுடா, வை" என்றார் பெரியப்பா.

தம்பி வைத்தான். ஆறு துப்பாக்கிக்கும் வரிசையாகச் சந்தனப் பொட்டு, குழலில் செங்காந்தள் பூ. நாங்கள் அதைத் துப்பாக்கிப் பூ என்போம். கை நடுங்கி இரண்டு பொட்டுகள் வழிந்தன. கடைசியில் டப்பாவின் நீல மூடி மேல் பொட்டு வைத்தான். பூ நிற்கவில்லை, வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி வைத்தான், மறுபடி விழுந்தது. மொண்ணப்பா அண்ணன் குனிந்து அதை எடுத்து, மூடியை லேசாக நெம்பி, காம்பைச் செருகி வைத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் பின்னால் போய் நின்றுகொண்டார்.

எல்லோரும் கும்பிட்டு முடிக்கவில்லை, பெண்கள் பக்கத்திலிருந்து அவ்வா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக வரிசைக்கு வந்தாள். பூஜையில் வைத்ததைச் சாப்பாடு முடியும்வரை எடுக்கக்கூடாது என்று யாரோ தடுத்தார்கள்.

"மத்தியான மாத்திரைக்கு நேரமாச்சு" என்றாள் அவ்வா. "உங்க ஆயுதமெல்லாம் சும்மா நிக்குது. என்னோடதுக்கு வேலை இருக்கு."

பூ விழாமல் மூடியைத் திறந்து, மிளகு ஒட்டிய அறையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். அத்தனை பேர் முன்னால் அவன் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினான். அவள் உள்ளே பார்த்துவிட்டு, சரி என்றாள்.

வெளியே தேங்காய்க்கு முதல் வெடி போட்டபோது தம்பி என் பக்கத்தில் கடம்புட்டு அரிசி உருண்டையும் பன்றிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தோள் தூக்கிப்போட்டது. "இது அக்கா" என்று முணுமுணுத்தான். பிறகு என்னைப் பார்த்து, "உன் கிளாப்பர்தான்க்கா மோசம்" என்றான். நான் எழுந்து போய் யாருடைய துப்பாக்கியையோ வாங்கி ஒரு தேங்காயைப் பார்த்துச் சுட்டேன். குறி தப்பிவிட்டது. பரவாயில்லை, அன்றைக்கு எனக்கு எல்லாமே சரியாகத்தான் இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை அவனுக்கு ரத்தம் பார்க்க மைசூருக்குப் பஸ் ஏறினோம். அவன் ஜன்னல் பக்கம், டப்பா அவன் மடியில். அவ்வா சந்தனத்தைத் துடைக்க விடவில்லை, மூடியில் அப்படியே காய்ந்து இருந்தது. கண்டக்டர் வந்தான். அவன் வாய் சும்மா இருக்குமா?

"என்ன டீச்சர், துப்பாக்கி ரிப்பேர் முடிஞ்சுதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி ஜன்னலிலிருந்து திரும்பினான்.

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. ரிப்பேர் எனக்குத்தான். மாசாமாசம் போறோம். ரெண்டு மைசூர் குடுங்க."

கண்டக்டர் இரண்டு டிக்கெட்டைக் கிழித்து அவன் கையில் மெதுவாக வைத்தான். பஸ் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன், பல்லைக் கடிக்காமல்.